மூக்கால் திறந்த கதவு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். எழுதுகிறவனுக்கு நாக்கு போனால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கையும் விளங்காமல் போகட்டும். இதற்கு மேல் பணயம் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. மற்றதையெல்லாம் ஊர் மாறும்போதே விற்றாகிவிட்டது.

"ஏன் பெரியவரே, மேல வீடு இருக்கும்போது எப்பப் பாத்தாலும் கீழ பெஞ்சிலயே உக்காந்திருக்கீங்க?" என்று இந்தக் கட்டடத்தில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நான் தரை தேய்க்கிறவன். மொசைக் தரை. சிமெண்டில் கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகியதும் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாணைக்கல்லால் தேய்ப்பது. மெஷின் வந்த பிறகும் மூலைக்கும் படிக்கும் கைதான் போகவேண்டும். நான் தேய்த்த தரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். விழுந்த ஈக்களை நானே தூக்கி நிறுத்தியிருக்கிறேன். ஒரு ஆபீசில் நான் தேய்த்துக் கொடுத்த தரையில், மேனேஜர் வாசலில் கால் வைத்தால் நேராகத் தன் நாற்காலியில் போய்த்தான் நிற்பார். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு அந்த மனுஷனுக்கு நடக்கவே மறந்துபோயிருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு மகன் போன் செய்தான். "தனியா கெடந்து என்னப்பா பண்ணப் போறீங்க? எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிருக்கு. புது ஊர், புது வீடு. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம், வந்துடுங்க." அவன்தான் கூப்பிட்டான். இதை அழுத்தி எழுதிவைக்கிறேன், நானாக வந்து ஒட்டிக்கொண்டேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. என் வீட்டை விற்கவும் அவனே வந்து நின்றான். அதில் மட்டும் ஒரு நாள் தாமதமில்லை.

என் சாமான்கள் ஒரு சின்ன வேனில் அடங்கிவிட்டன. புது வீடு நாலாவது மாடி. மருமகள் வாசலில் நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் மர நாற்காலி வந்ததும் கை நின்றுவிட்டது.

"மாமா, இது நம்ம சோபாவுக்கு சேராதே."

"சேர வேணாம்மா. அது பாட்டுக்குத் தனியா இருக்கும்."

"அதுக்கில்ல மாமா. பாக்கறதுக்கு..."

நாற்காலி மொட்டைமாடிக்குப் போனது. மழையில் நனைந்து நனைந்து போன மாதம் அது துளிர்விட்டது. வலது கைப்பிடியில் மூன்று இலை. மரம் என்றால் அப்படித்தான், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வேர் பிடித்துவிடும். மனுஷனுக்குத்தான் கொஞ்சம் நாளாகிறது.

எனக்குக் கொடுத்த அறையில் ஏற்கெனவே பிரிக்காத அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன. 'கவனம், உடையும்' என்று எழுதியிருந்தது. பெட்டிகளில்தான். என்மேல் யாரும் எதுவும் எழுதவில்லை.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அறை சின்னதாக இருக்கலாம், கட்டில் கோணலாக இருக்கலாம். ஒரு வீடு நம்முடையதா இல்லையா என்பது உள்ளே இருக்கும்போது தெரியாது. வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் தெரியும். யாரையும் கேட்காமல் உள்ளே நுழைய முடிந்தால் அது நம் வீடு. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சிக்கல் கதவில் வந்தது.

இந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. கைப்பிடிக்கு மேலே கறுப்பாக ஒரு கண்ணாடிச் சில். அதில் விரலை வைத்தால் ஆளைப் பார்த்துத் திறக்கும். மகன் கட்டைவிரலை வைத்தான். "வருக" என்றது கதவு, பெண்குரலில். மருமகள் வைத்தாள். "வருக வருக" என்றது. வீடு துடைக்க வரும் பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். அவளுக்கும் "வருக." பிறகு நான் வைத்தேன்.

கதவு கொஞ்சநேரம் யோசித்தது. "நீங்கள் யார்?" என்றது.

"அப்பா, அழுத்தி வைங்க."

அழுத்தி வைத்தேன். "நீங்கள் யார்?"

"அவங்க அப்பா" என்று கதவிடமே சொல்லிப் பார்த்தேன். அதற்கு உறவுமுறை எல்லாம் தெரியாது போல.

மகன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்தது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் பிடித்தான். "என்னப்பா, விரல்ல ரேகையே இல்ல!"

எப்படி இருக்கும்? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஊரார் வீட்டுத் தரையைத் தேய்க்கத் தேய்க்க, தரை பாதி தேய்ந்தது, நான் பாதி தேய்ந்தேன். என் கட்டைவிரலில் முகம் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் சவரம் செய்துகொள்வது வழக்கம். கைரேகை பார்க்கிறவன் ஒருத்தன் என் கையைப் பார்த்துவிட்டு, எதிர்காலத்துக்குப் பதிலாகத் தன் தலைமுடியைப் பார்த்து வாரிக்கொண்டு போனான்.

"சரி விடுங்கப்பா" என்றான் மகன். "நீங்க எங்க வெளிய போகப் போறீங்க? டிவி இருக்கு, பேன் இருக்கு."

ஜெயிலிலும்கூட டிவியும் பேனும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் மனுஷனுக்குக் கால் என்று இரண்டு இருக்கிறதே. இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று இறங்குவேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். அப்புறம் சாயங்காலம் யாராவது வரும்வரை பெஞ்சுதான். வாட்ச்மேன் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், மீசை மட்டும் மூத்தது.

"என்ன ஐயா, இன்னைக்கும் கதவு மூஞ்சியத் திருப்பிக்கிச்சா?"

"ஆமாய்யா. கல்நெஞ்சு."

"மரக்கதவு, கல்நெஞ்சுங்கறீங்க."

"உள்ளுக்குள்ள எஞ்சினியருய்யா, என் மகன் மாதிரி."

பெஞ்சில் உட்காருவது கஷ்டமில்லை. என் வயதில் மூத்திரத்தை அடக்குவதுதான் கஷ்டம். வாட்ச்மேனுக்கென்று பின்பக்கம் ஒரு கக்கூஸ் உண்டு. தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனவர் பாடிக்கொண்டே இருக்கவேண்டும், பாட்டு நின்றால் ஆளில்லை என்று அர்த்தம். நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பாடினேன். முதல் மாடியில் பாட்டு வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். மேல் சுருதி நன்றாகப் பேசுகிறது, கீழ் சுருதியில்தான் கொஞ்சம் அவசரம் தெரிகிறது என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

வீடு துடைக்கிற பெண் வரும் நேரத்தை நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அவள் வந்தால் கூடவே ஏறிவிடலாம். "வாங்கய்யா, உள்ள வந்து உக்காருங்க" என்பாள். மரியாதை தெரிந்தவள். என் மகன் வீட்டுக்கு என்னை உள்ளே வாங்க என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். மருமகளுக்கு அவமானமாகிவிட்டது. மறுநாளே பூட்டு கம்பெனியிலிருந்து ஆளை வரவழைத்தாள். அவன் பத்து விரலையும் வைத்துப் பார்த்தான். கதவு பத்துத் தடவை நான் யார் என்று கேட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால்விரல்களை வைத்தான். என்னைத் தூக்கிப் பிடிக்க வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். முழங்கை, முழங்கால், காதுமடல், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"சார், மூக்க வெச்சுப் பாக்கலாமா?"

வைத்தேன். "வருக" என்றது கதவு.

என் மூக்கைப் பற்றி நான் பெருமையாகப் பேசியதில்லை. வீட்டுக்காரி இருந்தபோது அதைக் குறட்டைக் குழாய் என்பாள். அன்றைக்கு அது என் மானத்தைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நாட்கள். நினைத்தபோது போனேன், நினைத்தபோது வந்தேன். குனிந்து மூக்கை வைப்பேன், உள்ளே போவேன், தண்ணீர் குடிப்பேன், தாகமே இல்லாமல். மறுபடி இறங்குவேன். மறுபடி ஏறுவேன். சும்மா திறந்து பார்க்கத்தான். மூன்றாம் மாடி அம்மாள், இது மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, தன் வீட்டுக் கதவிலும் மூக்கை வைக்க ஆரம்பித்தாள். வாட்ச்மேன் எனக்கு 'மூக்கையா' என்று பெயர் வைத்தார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர்கள் உண்டு, சொந்த வீட்டுக்குள் மூக்கை நுழைத்தவன் நான் ஒருத்தன்தான்.

நல்லது எதுவும் நெடுநாள் தங்காது. எனக்குச் சளி பிடித்தது. மூக்கு வீங்கிக் கத்தரிக்காய் மாதிரி ஆனது. அன்று சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து கதவில் வைத்தேன்.

"நீங்கள் யார்?"

துண்டால் துடைத்துவிட்டு வைத்தேன். "நீங்கள் யார்?"

"காலையில பாத்தியே அம்மா, அதே மூக்குதான்" என்றேன். தும்மல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், ஏனென்றால் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு பேரும் சீக்கிரம் வந்துவிட்டிருக்கிறார்கள்.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல" என்றாள் மருமகள். "நாம இல்லாத நேரத்துல அவரு பாட்டுக்கு வர்றாரு, போறாரு. போன வாரம் அந்த வாட்ச்மேன உள்ள கூட்டிட்டு வந்து டீ போட்டுக் குடுத்திருக்காரு. நம்ம கப்புல."

"ரெண்டு பேரும் ஒரே வயசு, பேசிட்டு இருந்திருப்பாங்க."

"நாளைக்கு இன்னும் யார் யாரக் கூட்டிட்டு வருவாரோ. கதவத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டா யாரு பதில் சொல்றது? எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓட மாட்டேங்குது."

மகன் கதவைவிட அதிகநேரம் யோசித்தான்.

"சரி விடு" என்றான். "எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

நான் மெதுவாகப் படியிறங்கினேன். பெஞ்சில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போதுதான் வருகிற மாதிரி மறுபடி ஏறி, கதவைத் தட்டினேன். மகன் வந்து திறந்தான். "வாங்கப்பா" என்றான். சாப்பிட்டோம். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான். "அப்பா, கம்பெனியிலேர்ந்து சொல்லியிருக்காங்க. இனிமே மூக்கு செல்லாதாம். புது ரூல்."

"அப்படியா?"

"ஆமாப்பா. உலகம் பூரா எடுத்துட்டாங்களாம். நாம மட்டும்னு இல்ல."

"உலகம் பூராவா! பாவம், எத்தன பேரு வெளிய நிக்கறாங்களோ."

அவன் குனிந்தபடியே ஷூ கயிற்றைக் கட்டினான். அவ்வளவு நேரம் கட்டுவதற்கு அந்தக் கயிற்றில் நீளமில்லை. சின்ன வயதில் பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். பார்த்தேன். இப்போது சிவக்கவில்லை, பழகிவிட்டது போலிருக்கிறது. பொய்யை எப்படிக் கூசாமல் சொல்வது என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் கொஞ்சநேரம் யோசித்தேன். குடும்பத்தில் அப்படி யாரும் இருந்ததாக ஞாபகமில்லை.

"சரிப்பா" என்றேன். "கம்பெனி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றிலிருந்து பெஞ்சு. மழை வந்தால் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிக்கொள்வேன். இந்த ஊரும் பழகிவிட்டது. எந்த வீட்டில் யாருக்கு என்ன சண்டை, யார் எப்போது திரும்புகிறார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. தபால்காரர்கூட மேலே ஏறுவதில்லை, என்னிடமே கேட்டுக்கொள்கிறார். யாராவது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பையன் வீடு எது?" என்று கேட்டால் நாலாவது மாடி ஜன்னலைக் காட்டுவேன். "வசதியா இருக்கீங்களா?" என்றால், "ராஜா மாதிரி" என்பேன். "அப்புறம் ஏன் கீழ?" என்று கட்டாயம் கேட்பார்கள். உடனே விரலை நீட்டிக் காட்டுவேன். எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஆமா, ரேகையே இல்ல" என்பார்கள். அதற்குமேல் என் மகனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை. கதவைத்தான் திட்டுகிறார்கள்.

நாலாவது மாடிக் கதவில் முதல் நாளிலிருந்தே இருப்பது, இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்கிற சாதாரணப் பூட்டு. அதற்கு மூன்று சாவி, ஒன்று மகனிடம், ஒன்று மருமகளிடம், ஒன்று வீடு துடைக்க வரும் பெண்ணிடம்.