ஒரே முகம், இரண்டு கேமரா

தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சண்டை. இருவரும் ஒரே ஸ்டுடியோவில் முகப்படம் எடுப்பவர்கள். அவனுக்குப் பிலிம், அவளுக்கு டிஜிட்டல். பிலிமில்தான் தோல் தோலாகத் தெரியும் என்பான் அவன். கழுவும்வரை என்ன விழுந்தது என்றே தெரியாததை நம்பி யார் தொழில் செய்வது என்பாள் அவள்.

இதைக் கேள்விப்பட்ட புகைப்படக்காரர் சங்கம், இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பெடுக்கச் சொன்னது. முகம் தேவைப்பட்டது. தம்பி தன் அக்காவைக் கூப்பிட்டான்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மருந்துக்கடையில் வேலை. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. போட்டோ என்றாலே நழுவுகிறவள், தம்பி கேட்டான் என்பதற்காக அரைநாள் லீவு போட்டு, நீல உடையில் வந்தாள். பவுடர் கூடப் பூச விடாமல் பக்கவாட்டில் விளக்கை வைத்தார்கள். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, வகுப்புக்கு வந்தால் பெரிதாகவே பார்க்கலாம் என்றான் தம்பி.

வகுப்பில் அறுபது பேர். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் இரண்டாக, ஆள் உயரத்துக்கு எழுந்தது. தம்பி மனைவி கன்னத்துக் குழிகளைக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். டிஜிட்டலில் மேலுதட்டு மயிரைக்கூட எண்ணலாம் என்றாள்.

"அதை எண்ணச் சொல்லி யாரு கேட்டா?" என்றான் தம்பி.

கூட்டம் சிரித்தது. அவன் பேச்சுக்கு ஒரு கூட்டம் சிரித்தது அதுவே முதல் தடவை. இதைவிட மோசமான முகம் கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார்.

"தேடிப் பாத்தோம் சார். கிடைக்கல."

சொல்லும்போதே கடைசி வரிசையின் நீலம் அவன் கண்ணில் பட்டது. சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவன் மேலே பேசிக்கொண்டு போனான்.

முடிந்ததும் அக்கா மேடைக்கு வந்தாள். ஆளை அடையாளம் கண்டவர்கள் வழிவிட்டார்கள். என் படத்தைக் கொடு என்றாள். தம்பி நெகட்டிவை எடுத்து நீட்டினான். டிஜிட்டல் படத்தை வந்திருந்த எல்லாருக்கும் பயிற்சிக்காக அனுப்பியாகிவிட்டது என்றாள் அவன் மனைவி. அக்கா நெகட்டிவை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பத்து நாள் கழித்துத் தம்பி மருந்துக்கடைக்கு வந்தான். வகுப்பை வேறு ஊரிலும் கேட்கிறார்களாம், நெகட்டிவ் வேண்டும் என்றான்.

"வெட்டிப் போட்டுட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, இன்னொரு தடவை வந்து உக்காரேன் அக்கா. அரைமணி நேரந்தான்."

அக்கா கையை நீட்டினாள். "டாக்டர் சீட்டு இருக்கா?"

"அக்கா..."

"சீட்டு இல்லன்னா தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆள் நிக்குது."

அவனைப் பிறகு அவள் 'நீ' என்று அழைத்ததே இல்லை. அந்த ஊர் வகுப்பில் ஒப்பிட்டுக் காட்டப் பிலிம் இல்லாததால் மனைவி மட்டும் பேசினாள். அக்காவின் டிஜிட்டல் முகம் தனியாகத் திரையை நிறைத்தது. அது நன்றாகத் தெரியத் தம்பிதான் அரங்கின் விளக்கை அணைத்துவிட்டான்.