எண் மறைக்கப்பட்டது

அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக் கூடத்துக்குள் யாரும் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வெளி நடையில் சுவரோடு சுவராகச் சிறிய இரும்புப் பெட்டிகள் இருந்தன. அவரவர் கைப்பேசியை அவற்றில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும். பிறருடைய கைப்பேசிகளைப் பற்றி நாள் முழுவதும் பேசுகிறவர்கள் தங்களுடையதைத் தொடாமலேயே பேசினார்கள்.

அவன் ஐந்தாம் மேசை. கூடத்தில் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. அஞ்சு என்றால் அவன்தான். மேற்பார்வையாளருக்கு மட்டும் பட்டப்பெயர் உண்டு: காது. எந்த மேசையின் அழைப்பையும் நடுவில் புகுந்து கேட்கும் உரிமை அந்த அம்மாளுக்கு இருந்தது. உரிமையை வீணாக்கும் இயல்பு அவருக்கு இல்லை.

முற்பகலில் ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம் மேடம், சொல்லுங்க."

"என் கணக்கைப் பத்திரப்படுத்தணும். பூட்டு மாதிரி ஏதாவது இருந்தா போடுங்க. ரெண்டு போட்டாலும் சரி."

"போட்டுடலாம் மேடம். அதுக்கு முன்னாடி, நீங்கதான் நீங்கன்னு நான் உறுதி பண்ணிக்கணும்."

"நானும் ரொம்ப நாளா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். கேளுங்க."

பிறந்த தேதியைக் கேட்டான். மார்ச் பதினொன்று என்று சொல்லி, ஆண்டையும் சேர்த்தாள். பதிவிலிருக்கும் தேதி பணியாளர் கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் சொல்வதைத் தட்டினால் திரையில் பச்சையோ சிவப்போ வரும். சிவப்பு வந்தது.

"பொருந்தலை மேடம்."

"ஏன் பொருந்தாது? நான் பொறந்தது எனக்குத் தெரியாதா?" சற்று யோசித்தாள். "ஓ, சர்டிபிகேட் தேதியா? அதை முதல்லயே கேக்கறதுதானே. ஜூன் ரெண்டு. ஸ்கூல்ல சேர்க்கப் போனப்ப எங்கப்பாவுக்குத் தேதி மறந்துபோச்சு. அன்னிக்கு என்ன தேதியோ அதையே எழுதிட்டு வந்துட்டாரு. நல்லவேளை, வருஷத்தையாவது சரியாப் போட்டாரு."

பச்சை வந்தது.

மார்ச் பதினொன்றில் பிறந்தவர்கள் பலர் இருக்கக்கூடும். ஜூன் இரண்டில் பிறந்தவர்களும் இருக்கக்கூடும். இரண்டு நாள்களிலும் பிறந்தவள் அவன் அறிந்தவரை ஒருத்திதான்: அவனுடைய அக்கா.

அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அண்ணன் பேசி முடித்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு காலையில் வேலைக்குப் போகும் உடையோடு போனவள், மாலையில் திரும்பவில்லை. எங்கே இருக்கிறாள் என்பதைத் தம்பியிடமும் அவள் சொல்ல முடியவில்லை. அப்போது தம்பியின் கைப்பேசி அண்ணன் வாங்கித் தந்தது. அதைத் திறக்கும் எண்ணை வைத்தவனும் அண்ணனே. தம்பிக்குத் தெரிவது எதுவாயினும் அன்றைக்கே அண்ணனுக்கும் தெரிந்துவிடும். இதெல்லாம் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்த பிறகும், தெருவில் அவளைப் போல நடக்கிற பெண் எவளையாவது கண்டால், முந்திப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு, வழி தவறியவன் போலத் திரும்பி வருவான்.

உறவினர் எவரேனும் அழைத்தால் பணியாளர் கையைத் தூக்க வேண்டும். அழைப்பு அடுத்த மேசைக்கு மாற்றப்படும். அவன் கை மேசையிலேயே இருந்தது.

திரையில் அவள் பக்கம் திறந்திருந்தது. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மற்றவையும் பெயரும் நட்சத்திரக் குறிகள். அதன் கீழே 'முகவரி' என்றொரு பொத்தான். அழுத்தினால் வீட்டு எண்ணும் தெருவும் வரும். அழுத்தியவர் யார் என்பதும் பதிவாகும்.

"என்ன பிரச்சினைன்னு சொல்லலாமா மேடம்?" குரலைச் சமமாக வைத்துக்கொண்டான். அவள் கடைசியாகக் கேட்டது ஒரு சிறுவனின் குரலை.

"உங்க கிளை ஆபீஸ்ல ஒருத்தர் போய் என் விலாசத்தைக் கேட்டிருக்காரு. கவுன்டர்ல இருந்த பொண்ணு குடுக்கலை. புண்ணியவதி. எனக்குப் போன் பண்ணி எச்சரிக்கை வேற சொன்னா."

"யாருன்னு தெரியுமா?"

"எங்கண்ணன். வேற யாரு இவ்வளவு பாசமாத் தேடுவா?"

தான் கூப்பிடுகிறவர்களுக்கும் தன் எண் தெரியக் கூடாது என்றாள். அந்த வசதியை இயக்கினான். பிறகு குறிப்புப் பகுதியில் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினான்: உறவினர் உட்பட எவருக்கும் விவரம் தரலாகாது.

"உறவினருக்குக் குறிப்பாத் தரக் கூடாதுன்னு போடுங்க," என்றாள்.

போட்டான்.

"கடைசியா ரகசிய வார்த்தை ஒண்ணு வேணும் மேடம். அதைச் சொன்னாத்தான் இனிமே இந்தக் கணக்கு திறக்கும். உங்க பேரு, ஊரு, வீட்டுல இருக்கறவங்க பேரு எதுவும் வேண்டாம். யாராலயும் ஊகிக்க முடியாததா இருக்கணும்."

அவள் யோசிக்கவில்லை. "வவ்வால்," என்றாள்.

கட்டிலின் விளிம்பிலிருந்து தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டுதான் அவன் பாடம் படிப்பான். அதனால் அவள் வைத்த பெயர். மற்றவர்கள் இருக்கும்போது அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"என்ன, எழுதிட்டீங்களா?"

"அது வேண்டாம் மேடம்."

"ஏன்? எங்கண்ணனுக்குத் தெரியவே தெரியாது."

"வேற ஒருத்தருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தையை வைக்கக் கூடாது. அது விதி."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. யாரோ அதை மூடும் ஓசை கேட்டது.

"குரல் உடைஞ்சுபோச்சேடா," என்றாள் கடைசியில்.

"அது உடைஞ்சு எவ்வளவோ வருஷமாச்சுக்கா."

"இன்னும் தலைகீழாத்தான் தொங்கறியா?"

"இங்க நாற்காலி போட்டிருக்காங்க."

சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "அவன் பக்கத்துல இருக்கானா?"

"நான் இப்ப தனியா ரூம் எடுத்து இருக்கேன்கா. போன் நானே வாங்கினது. அதை எப்படித் திறக்கறதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"என் விலாசம் உனக்கு அங்க தெரியுதா?"

"பட்டன் இருக்கு. அமுக்கலை."

"அமுக்கியிருக்கலாம்ல?"

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான்.

"அமுக்காதே," என்றாள். "எனக்குக் கொஞ்சம் டைம் குடு. உன் நம்பரைச் சொல்லு."

சொந்த எண்ணை வாடிக்கையாளருக்குத் தருவதும் விதிக்கு மாறானது. தந்தான். அவள் இரண்டிரண்டு இலக்கங்களாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு வார்த்தைக்குப் பதிலாக ஓர் எண்ணைத் தன் கைப்பேசியிலேயே அழுத்தினாள். அவன் திரையில் ஆறு கரும்புள்ளிகள் தோன்றின. அவள் பக்கம் மூடிக்கொண்டது.

"பத்திரமாயிடுச்சாடா?"

"ஆயிடுச்சு. இனிமே என்னாலயும் திறக்க முடியாது."

"சரி, வச்சிடறேன்," என்றாள், உடனே வைக்கவில்லை. பிறகு வைத்தாள்.

அதற்குமேல் வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னான். எண் தெரியாமல் வந்த அழைப்பை நம்பி ஏமாந்த ஒருவருக்கு, எண்ணை மறைத்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் வழியை ஒவ்வொரு படியாக விளக்கினான். மாலையில் காது வந்து மேசையருகே நின்றார்.

"அஞ்சு, கையைத் தூக்கணும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொந்த நம்பரை வேற குடுத்திருக்கே. மெமோ வரும்."

"சரி மேடம்."

போகப் போனவர் நின்றார். "பட்டனை அமுக்கலை. அதையும் எழுதறேன்," என்றார்.

பணி முடிந்ததும் நடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தான். கைப்பேசி அமைதியாக இருந்தது. தவறிய அழைப்பு எதுவுமில்லை. பெட்டியை மூடக் கை போனபோதுதான் நினைவு வந்தது. ஊருக்கெல்லாம் தான் சொல்லும் பாதுகாப்பை அவன் முதலில் தனக்கே செய்துகொண்டிருந்தான். தடுக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்தான்.

எண் மறைக்கப்பட்டது. அழைப்பு நிராகரிக்கப்பட்டது.

ஒரே ஒரு வரி. அவள் வைத்துச் சிறிது நேரத்துக்குள் வந்திருந்தது. மறைந்து வருபவர்களின் அழைப்பை இந்த வாடிக்கையாளர் ஏற்பதில்லை என்று இனிமையான ஒரு பெண்குரல் அவளிடம் சொல்லியிருக்கும். அதை எத்தனையோ பேருக்கு அமைத்துக் கொடுத்தவன் அவன். திரும்ப அழைக்க எண் இல்லை. எண்ணை மறைத்தவனும் அவனே.

நின்ற இடத்திலேயே தடையை நீக்கினான். இரண்டு முறை சரிபார்த்தான். பிறகு உள்ளே திரும்பிப் போனான்.

"மேடம், நாளைக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"மறைச்ச நம்பர்னு என் போன் அவளைத் தடுத்துடுச்சு. இப்பத்தான் தடையை எடுத்தேன். மறுபடி போன் வரணும். அதைக் கையில வச்சிருக்கணும்."

காது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு வரலைன்னா?"

"நாளன்னைக்கும்."

"போன் எடுக்கலைன்னு அவ மறுபடி இங்கயே கூப்பிட்டா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. மேசைகளை ஒரு முறை பார்த்தான். அவள் அழைப்பு எந்த மேசைக்கும் போகக்கூடும்.

"இங்க கூப்பிட்டா நான் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பேன்," என்றார் காது. "தடையை எடுத்துட்டான்னு சொல்றேன். நீ போ."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கைப்பேசியைப் பையில் போடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே நடந்தான். அறைக்கு வந்ததும் அதைத் தலையணைமேல் வைத்தான். கட்டிலில் குறுக்காகப் படுத்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு, தலையை விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டுக்கொண்டான். ஒலி முழுமையாக வைக்கப்பட்டிருந்தது.