பண்ணைச் சாமான்கள், பதினான்கு தாள்கள்

...என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை, 'ண'வின் மூன்று சுழியையும் நெரிசல் பேருந்தில் நிற்பவர்களைப் போல இடித்துக்கொள்ளும்படி எழுதுகிறவள் இந்தக் காப்பகத்தில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள், 'பண்ணைச் சாமான்கள், பதினான்கு தாள்கள்', வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்தாறு வருடத்துக்கு முன் எழுதி இந்தப் பெட்டிமேல் ஒட்டிய அட்டை, பசைகூட விடவில்லை... உள்ளே இருப்பது சாமான் என்றால் பரவாயில்லை. முதல் தாளில் ஏர், கொப்பரை, வண்டிச் சக்கரம், எட்டுக் காளைகள். இரண்டாம் தாளிலிருந்து மனிதர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடத்துக்காக ஒரு துரை தன் கரும்புத் தோட்டத்தை எழுதிக்கொடுத்தார், தோட்டத்தோடு அதில் இருந்த அடிமைகளையும் சேர்த்தே கொடுத்தார், கொடுத்ததற்கான பட்டியல் இது. அந்தக் கட்டடத்தில்தான் நான் தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறுகிறேன்.

அடிமை முறையால் பல்கலைக்கழகம் அடைந்தது என்ன என்று ஆராய ஒரு குழு போட்டு இரண்டு வருடமாகிறது, பாவம், அவர்கள் தேடியதெல்லாம் இந்த அட்டைகளைப் பார்த்து நான் எழுதிய அட்டவணையை வைத்துத்தான், அறிக்கையின் வரைவில் 'அடிமைகள் பல்கலைக்கழகத்தின் வசம் இருந்ததற்கு ஆவணம் இல்லை' என்று அச்சடித்தே விட்டார்கள். நேற்று குழுத் தலைவி பழைய ஏரின் படம் ஏதாவது கிடைக்குமா என்று இந்தப் பெட்டியைத் திறந்தார், திறந்து, கடைசித் தாள்வரை புரட்டி, பிறகு என்னைப் பார்த்து, "யாருங்க இந்த அட்டையை எழுதினது? தூங்கிக்கிட்டே எழுதியிருப்பாங்க போல" என்றார். நானும் சிரித்தேன். "பழைய ஆளுங்க யாராவது இருக்கும் மேடம்" என்று வேறு சொன்னேன். பழைய ஆள்! எதிரில் நின்றுகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், வெட்கமாக இல்லை? இருந்தது.

இன்று பதினொரு மணிக்குள், அட்டையின் பிழையைத் திருத்தும் படிவம் தலைவியின் மேசைக்குப் போக வேண்டும். மூன்றாம் கட்டம், முந்தைய விவரத்தை எழுதியவர். நான்காம் கட்டம், பிழைக்குக் காரணம். காலையில் என் வீட்டுக்காரர் ஷூ லேஸைக் கட்டியபடி, "தெரியலன்னு போட்டுட்டு வேலையைப் பாரேன். ரிட்டையர் ஆக மூணு வருஷம் இருக்கு, வேலியில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கறே?" என்றார், அவர் தண்ணீர் வாரியத்தில் முப்பது வருடம் படிவத்தோடு குடித்தனம் நடத்தியவர், எந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று அவருக்கா தெரியாது... ஆனாலும் எழுதிவிட்டேன், மூன்றில் என் பெயர், நான்கில் 'முதல் தாளை மட்டும் பார்த்து விவரம் எழுதப்பட்டது', பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல். உண்மைதானே, அப்போதிருந்த மேலதிகாரி ஒரு நாளைக்கு இருபது பெட்டி முடிக்கச் சொல்வார், இருபது பெட்டியையும் உட்கார்ந்து படிக்க முடியுமா? எழுதி முடித்ததும் மனசு லேசாயிற்று, சொல்வதற்கென்ன, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இனி புது விவரம் எழுத வேண்டியதுதான் பாக்கி, ஒவ்வொரு தாளாக எடுத்து... 'மாட்டுக்காரன், ஒரு கண் இல்லை'. 'கிழவி, வேலைக்கு ஆகாது'. இவளையும் எழுதிக்கொடுத்தார்களா, வேலைக்கு ஆகாதவளை வாங்கிப் பல்கலைக்கழகம் என்ன செய்திருக்கும்? 'துவைப்பவள், கைக்குழந்தையுடன்', அதற்கு நேர் மேலே ஒரு ஒன்பது. பென்சிலில். தாள் எண். பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு தாளுக்கும் வலது மூலையில் எண் போடுவது எங்கள் வழக்கம், புரட்டிப் பார்த்தேன், எட்டு, ஏழு, ஏழின் இடுப்பில் ஒரு கோடு, அந்தக் கோடு நான் போடுவது. பதினான்கு தாள்கள் என்று அட்டையில் எழுதினேனே, எண்ணாமலா எழுதினேன்? ஒன்பதாம் தாளின் மூலை கிழிந்திருக்கிறது, அதனால் எண்ணைக் கீழே இறக்கி, துவைப்பவள் என்ற வரியில் பென்சில் பட்டுவிடாமல், பொடி எழுத்தாகப் போட்டிருக்கிறேன். எழுத்தின்மேல் படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டவள், எழுத்தைப் பார்க்கவில்லையா? மணி பத்து ஐம்பது. பார்த்திருக்கிறேன், பதினான்கு தாளையும் பார்த்துவிட்டு, காளைக்கு அடுத்து அவர்கள் வந்தது ஒன்றும் உறுத்தாமல், பெட்டியை மூடிச் சாப்பிடப் போயிருக்கிறேன்... வேறொரு படிவம் கேட்டு வாங்கலாம், வாங்கி, நான்காம் கட்டத்தில் என்ன எழுதுவது?