பாய் நனைந்திருக்க வேண்டும்

1

இது காதல் கதையாகத்தான் புறப்பட்டது. பாதி வழியில் ஒருத்தி கேட்ட கேள்வியில் திசை மாறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் படிப்பகத்தின் பின்னறையில் நான் கதை சொல்வேன். எழுதி எடுத்துப் போய் வாசிப்பதும், கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துத் திருத்துவதும்தான் எனக்குத் தெரிந்த இலக்கணம். போன மாதம் ஒரு தொடக்கம் வாசித்தேன்:

"வெயிலில் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தபோதும், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், சரிவின் அடியில் ஒரு திட்டு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அதன்மேல் பாய் விரித்து அவர்கள் இருவரும்..."

அந்தப் பச்சையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன ஏரி. மண்ணைக் கொட்டி இறுக்கி ஓர் அணை கட்டி, மழைத்தண்ணீரை நிறுத்தி, ஜனங்கள் படகு விட்டுப் பொழுது போக்குவதற்காகவே உண்டாக்கியது. அங்கே போய் உட்கார்ந்தபோது, இப்படி ஓர் இடத்தில் யாராவது காதலிக்காமல் இருப்பார்களா என்று தோன்றியது.

வாசித்து முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அணைகளைச் சுற்றிப் பார்த்துப் பழுது சொல்வது அவள் வேலை. காதலர்கள் சேர்வார்களா என்று கேட்கப்போகிறாள் என நினைத்து நான் தயாரானேன்.

"அவங்க உட்கார்ந்த பாய் நனையலையாம்மா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் குடிக்கும்போது பொறுமையாகச் சொன்னாள். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். எங்கே கசிகிறது, எவ்வளவு, தெளிவாகவா கலங்கலாகவா என்று ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் சரிவின் அடி பச்சையாக இருந்தால், யாரோ அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று பொருள். யார் பாய்ச்சுவது? ஏரிதான்.

வீட்டுக்கு வந்ததும் காதலர்களை எழுப்பி அனுப்பிவிட்டேன். பாவம், பெயர்கூட வைக்கவில்லை.

2

அவர்கள் எழுந்துபோன இடத்தில் கரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

"அவனுடைய கழுகுக் கண்கள்..." (வேண்டாம். கழுகுக்குக் கரையில் என்ன வேலை.)

"அவன் பரம்பரை பரம்பரையாக..." (இதுவும் வேண்டாம். சில வருஷம் முன்புவரை சைக்கிள் கடையில் இருந்தவன் என்று வைத்துக்கொள்வோம்.)

கரைக்காரன். ஏரியை நடத்தும் குடியிருப்போர் சங்கம் வேலைக்கு வைத்த ஆள். காலையில் கரைமேல் ஒரு நடை, கரையடியில் ஒரு நடை. புல்லை ஒட்ட வெட்டுவான். வளர விட்டால் எலிவளையும் வெடிப்பும் கண்ணுக்குத் தப்பிவிடும். முளைத்த மரக்கன்றைப் பிடுங்குவான். பெரிதாகி, ஒரு நாள் பட்டுப்போய், வேர் மக்கினால், கரைக்குள் தண்ணீருக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அதிகத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கில் சிக்கிய பைகளையும் கிளைகளையும் இழுத்துப் போடுவான்.

இவன்மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவும் செய்கிறவன் அந்தப் பச்சையை எப்படிக் கோட்டை விட்டான்? ஒரு வாரம் பேனா நகரவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அவன் தினமும் பார்த்தான். வருகிறவர்கள் அங்கேதான் பாய் விரித்தார்கள், பிள்ளைகள் உருண்டார்கள், புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை பேர் ரசிக்கிற ஒன்றை நோய் என்று நினைக்க அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கு மட்டும் வந்ததா என்ன? அதை வைத்துத்தானே கதையையே தொடங்கினேன்.

3

அவனுடைய அக்காதான் அங்கே படகு விடுகிறாள். புருஷன் விட்டுப்போன வருஷம்தான் முதல் படகை வாங்கினாள். பள்ளி விடுமுறை மாதங்கள்தான் அவளுக்கு வருஷம். மீதி மாதங்களில் படகுக்குச் சாயம் பூசிக்கொண்டு காத்திருப்பாள்.

இந்த ஏரியின் அடிமட்டத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதைத் திறந்தால் நீர்மட்டத்தை இறக்கலாம். திறப்பதற்குத் தண்ணீருக்குள் நீண்ட ஒரு சிறு மேடையும், மேடைமேல் ஓர் இரும்புச் சக்கரமும். சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது திருகிப் பார்க்க வேண்டும். திருகாத மதகு, அவசரத்தில் அசையாது. ஆனால் படகு கட்ட அந்தச் சக்கரத்தைவிடத் தோதான இடம் ஏரியில் இல்லை. அக்கா எல்லாப் படகையும் அதில்தான் கட்டியிருந்தாள். வேறு இடத்தில் கட்டு என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். ஆகட்டும்டா என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா தம்பிக்குள் சில பேச்சுகள் இப்படியே வருஷக்கணக்கில் ஓடும். உங்கள் வீட்டிலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.*

* அக்காவைப் பேராசைக்காரியாக்கிவிட்டால் எழுதுவது சுலபம். ஒரு வரைவில் அப்படித்தான் செய்தேன். அதில் அவள் பேசிய வசனம் ஒன்றுகூட என் காதுக்கு உண்மையாகக் கேட்கவில்லை.

4

விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒரு காலையில், கரையடியில் நடந்தவனின் கால் கணுக்கால்வரை புதைந்தது. செருப்பை மண் விடவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பச்சை, வேலிவரை நீண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் என்ன? முதலில் வெறும் பொட்டல் என்று எழுதினேன். யாருக்கும் சேதமில்லை, கதைக்கும் உயிரில்லை. அடித்துவிட்டு ஒரு சந்தும் சில வீடுகளும் வைத்தேன். முதல் வீட்டில் அக்காவின் மகளைக் குடிவைத்தால்? தன் பிள்ளைக்காக யாரும் எதையும் விடுவார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அங்கே ஓர் இஸ்திரிக்காரரைக் குடிவைத்தேன். அக்காவிடம் இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கருக்கிவிட்டு, கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தவர். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

கரைக்காரன் அவரிடம் போய் விசாரித்தான். வீட்டுக்குள் வைத்த கரி கொஞ்ச நாளாக நமுத்துப்போகிறது, பற்றவே மாட்டேன் என்கிறது என்றார் அவர். கரிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்து அவனையும் திட்டி அனுப்பிவிட்டாராம்.

5

கசிகிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்து நிரப்பி, அதை ஆட்டாமல் எடுத்துக்கொண்டு, தம்பி மேடைக்குப் போனான். அக்கா படகுக்குள் உட்கார்ந்து துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டிலின் அடியில் மண் தங்கினால், தண்ணீர் கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உடனே மதகைத் திறக்க வேண்டும் என்றான். தெளிந்திருந்தால்? என்றாள் அவள். அப்போதும் பச்சை வளர்ந்திருக்கிறதே, திறக்கத்தான் வேண்டும் என்றான். ஏரியைச் சட்டென்று இறக்கவும் முடியாது. வேகமாக இறக்கினால் ஈரமான உள்சரிவு சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கரையடியில் மணலும் ஜல்லியும் போட்டு, சங்கம் ஆளைக் கூப்பிட்டுச் சரி பார்த்து... விடுமுறை முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் திறக்க அவனுக்கு உரிமை உண்டு. சங்கம் தடுக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றியிருந்த கயிறுதான் தடுத்தது.

"லீவு முடியட்டும்டா. நானே அவுக்கறேன்."

"அதுவரைக்கும் கரை காத்திருக்கணுமேக்கா."

"யாரு இருக்கா கீழ? அந்த இஸ்திரிக்காரன்தானே. என் சேலையைக் கருக்கினவன்."

"அதுக்குத் திட்டு, நான் வேண்டாங்கல. ஆயுசுக்கும் திட்டு. திட்டறதுக்கு அந்த ஆளு இருக்கணும்ல?"

அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பாட்டில் நின்றது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பாட்டிலின் அடியில் மண் தங்குகிறது, திறக்கிறார்கள், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஏமாந்து திரும்புகிறார்கள், சந்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகையால் அக்காவுக்கு யாரும் நன்றியும் சொல்லவில்லை.

தண்ணீர் தெளிந்திருக்கிறது, அக்கா சிரிக்கிறாள், ஏரியில் கூட்டம். ஆனால் பச்சை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். சேற்றில் கிடக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டிவரை எழுதியிருந்தேன். அதன்பிறகு இரண்டு நாள், எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கசங்கிய சேலையோடு நடமாடினேன்.

7

எதையும் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை, கண்ணுகளா. அவர்களை மேடையிலேயே விட்டுவைத்திருக்கிறேன். அக்காவின் விரல் முதல் முடிச்சின்மேல் இருக்கிறது. அவிழ்க்கவா, இன்னும் இறுக்கவா என்று எனக்கே தெரியவில்லை. நனைந்த கயிறு, நகம் வலிக்கும். தம்பியிடம் கத்தி இருக்கிறது, ஆனால் வெட்டினால் படகுகள் மிதந்து போய்விடும். அவற்றைக் கரையேற்ற அவள் கை வேண்டும், அவன் கை வேண்டும், அதுவும் போதாது.

இவ்வளவு நேரம் கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தீர்களே, இறங்கி வாருங்கள். வருகிற வழியில் அந்தப் பச்சையில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். போகவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதட்டாதீர்கள். பாய்க்கு அடியில் ஒரு நிமிஷம் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். படகு இழுக்க ஆள் வேண்டும்.