கால்வாயின் வாயை அடைத்த மண்

லுத்பியாவின் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று ஒரு வருடமாக இருந்தேன். அவளுடைய வாசலுக்கும் என்னுடையதுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ஆனாலும் சமாளித்தேன். கோபம் வந்தால் எனக்கு இலேசில் இறங்காது.

எங்கள் ஒழுங்கை கொழும்பில், வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய ஒரு சின்னச் சந்து. கால்வாய் கடலில் சேருகிற இடத்தை அலை மண்ணைப் போட்டு மூடிவிடும். மழைக்கு அதை வெட்டிவிடாவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகாமல் எங்கள் வீடுகளுக்குள் வரும். யாராவது வந்து வெட்டுவார்கள் என்று பார்த்திருந்தால் கட்டில் மிதக்கும். ஆகவே ஒழுங்கையே போய் வெட்டும். லுத்பியாவின் கணவர் அலவி நானாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ரயில் பாலத்துக் காவலரணில் ஆமிக்காரரோடு அவர் கதைப்பார். என் மகன் வின்சன்ற் மண்வெட்டி பிடிப்பான். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

போன வருடம், கொழும்பில் குண்டு வெடித்த ஒரு கிழமையில் இருவரும் போனார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு தமிழ்ப் பொடியன். எந்த ஊர் என்று ஆமிக்காரன் கேட்டிருக்கிறான். வின்சன்ற் வாய் திறக்க முந்தி அலவி நானா, "இங்கே கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்த பிள்ளை, பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்" என்று அளந்துவிட்டார். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார், வடக்கில் சண்டை நடக்கிற பக்கம். அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதுதான் நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்தோம், பிறகு இங்கே. அட்டை ஒன்று சொல்ல ஆள் வேறொன்று சொன்னால் விடுவார்களா? இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தவனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அந்தக் கையோடுதான் கட்டாருக்கு வேலைக்குப் போனான்.

நல்லதுக்குச் சொன்ன பொய்யாம். யார் கேட்டது அந்த நல்லதை?

அதற்குப் பிறகு மண் வெட்ட எவரும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து கொன்ஸ்ரன்ரைன் என்று ஒருவர் ஏதோ திட்டத்திலிருந்து வந்து, கோயில் மண்டபத்தில் எங்களை வட்டமாக இருத்தினார். வெள்ளம் வந்தாலும் தாக்குப்பிடித்து எழும்புகிற சமூகமாம், சுற்றாடலாம், நிலைபேறான அபிவிருத்தியாம். ஆளுக்குத் தின்ன இரண்டு ரோல்ஸும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டும் கிடைத்தன.

"உங்கட சமூகத்தின்ர பலம் என்ன, அன்ரி?" என்று என்னைக் கேட்டார்.

"ஆளை ஆள் மூஞ்சி பாக்காமல் இருக்கிறது," என்றேன்.

சிரித்துக்கொண்டே அதையும் பலகையில் எழுதினார். எதிரே இருந்த லுத்பியா சிரிக்கவில்லை.

நவம்பரில் மழை விடாமல் அடித்தது. காலையில் வாசற்படியில் நின்ற தண்ணீர், மத்தியானம் சிறிலின் கட்டில் சட்டத்தைத் தொட்டது. சிறில் என் கணவர். வாதம் வந்து படுக்கையோடு கிடப்பவர், பாரமான ஆள். தனியாக என்னால் தூக்க ஏலாது. மேல்மாடிப் பத்மாவதி வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்குப் போயிருந்தாள். பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட சிறிலுக்குப் பேச்சு வராது. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கதவைத் தட்டியது லுத்பியா. இடுப்பில் இரண்டு அலுமினியப் பேசன்.

"அவர் தெமட்டகொடையில மாட்டிக்கிட்டார், ரோட்டெல்லாம் தண்ணி. இவரத் தூக்கினாலும் வைக்க இடமில்ல. மண்ண நாங்க போய் வெட்டுவம். மண்வெட்டியக் கண்டா சுடுவான். பேசனுக்குச் சுடமாட்டான்."

"உம்மட மனுசன் செய்தது காணாதா?"

"ஏசுறத நடந்துக்கிட்டே ஏசுங்க."

ஏசிக்கொண்டே நடந்தேன்.

பாலத்தடியில் ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். என்னைக் காட்டி, இந்த நோனா யார் என்று சிங்களத்தில் கேட்டான். இவளும் புருஷனைப் போல அளக்கப்போகிறாள் என்று நினைத்து, மடியிலிருந்த அடையாள அட்டையை எடுத்தேன். அவள் சொன்னதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். இவள் மன்னாரில் பிறந்தவள் என்றாள். என் புருஷன் சொன்ன பொய்யால் இவள் மகனை இந்த இடத்தில்தான் பிடித்தீர்கள், அதிலிருந்து இவள் என்னோடு கதைப்பதில்லை என்றாள். இவள் கணவர் எழும்ப ஏலாமல் கிடக்கிறார், தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டது என்றாள்.

பாவி, என் ஊரைப் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அட்டையை நீட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மன்னார் என்றுதான் போட்டிருந்தது. கெதியாக வெட்டிவிட்டுப் போங்கள் என்றான்.

முழங்கால் ஊன்றி இருவரும் மண்ணை வழித்தோம். சின்னதாக ஒரு ஓடை திறந்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். திறந்த வேகத்தில் கரை இடிந்து என் கால் தண்ணீருக்குள் போனது. லுத்பியா என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். நின்றதும் அவள் கையை உதறினேன்.

வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் படிக்கு இறங்கியிருந்தது. மெத்தையின் அடிதான் நனைந்திருந்தது. சிறிலின் நெஞ்சில் தலையை வைத்து அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் லுத்பியா இன்னும் வாசலில் நிற்கிறாள்.

"வின்சன்ற்றின்ர கை இன்னும் எழும்பேல்ல," என்றேன்.

"தெரியும்."

"சாகுமட்டும் மன்னிக்கமாட்டன்."

"அதக் கேட்டு நான் வரல்ல. அலை திரும்பவும் மண்ணப் போடும். அப்ப நீங்க வரணும். எனக்குத் தனிய ஏலாது."

சிறிலைப் பார்த்தேன். "வருவன்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.