விட்டாச்சு

மதியம் இரண்டரை மணி. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து அலமாரிக்கு முன் நின்ற மருந்தாளுநருக்குத் தன் கால்கள் யாருடையவோ போலிருந்தன. அடுத்து வரவேண்டியவள் லீவு போட்டதில் இரண்டாவது ஷிப்டும் அவள் தலையில் விழுந்திருந்தது.

"அக்கா, நாலாம் பெட்டுக்குப் பொட்டாசியம் ஒண்ணு," என்றாள் மதிய நர்ஸ். "காலையில நிறுத்திட்டாங்களாம். டாக்டர் மறுபடி போடச் சொல்றார்."

நாலாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். இதயம் பலவீனம். சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்தது. பொட்டாசியம் குறைந்தால் அந்த இதயம் தடுமாறும். கூடினால் நின்றே போகும்.

பூட்டிய தட்டில் மருந்தாளுநர் காலையில் வைத்தது ஆறு பை. இப்போது ஐந்துதான் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"காலை நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"'நாலாம் பெட்டுக்குப் பொட்டாசியம் விட்டாச்சு'ன்னா."

"ட்ரிப்புல விட்டாச்சுன்னு சொல்லியிருந்தா?"

நீட்டிய கையை நர்ஸ் மெல்ல இறக்கினாள். "ஐயோ அக்கா."

கேஸ் ஷீட்டில் மருந்து கொடுத்ததற்கான கையெழுத்துக் கட்டம் காலி. காலை நர்ஸின் போன் அணைந்து கிடந்தது. தூங்கப் போயிருப்பாள், பாவம்.

பயிற்சி டாக்டர் வேகமாக வந்தார். "என்ன மேடம், பை வருமா, நாளைக்குத்தானா?"

மருந்தாளுநர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "விட்டாச்சுன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு டாக்டர்."

"இதென்ன தமிழ் வகுப்பா? ரிசல்ட் பாருங்க. பொட்டாசியம் ரெண்டு புள்ளி எட்டுதான். மூணரையாவது வேணும்."

"அது காலையில ஆறு மணிக்கு எடுத்த ரத்தம். ஒரு பை குறையுது. இன்னொரு தடவை பாத்துடலாம். பத்து நிமிஷந்தான்."

"பாக்காம போட்டா?"

"நான் தரமாட்டேன் டாக்டர்."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. டாக்டர் உதட்டைச் சுழித்துவிட்டு, தானே போய் ரத்தம் எடுத்தார்.

ஐந்து புள்ளி ஒன்று. ஐந்தே மேல் எல்லை.

டாக்டர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். கண்களைக் கசக்கிக்கொண்டார். அவரும் நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாதவர். "வேணாம். உள்ள வெச்சிடுங்க," என்றார்.

"இனிமே எப்படிக்கா சொல்றது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"குடுத்தா குடுத்தாச்சு. நிறுத்தினா நிறுத்தியாச்சு. கையெழுத்துப் போட்டுட்டு வாயைத் திற, போதும்."

அவள் பையோடு திரும்பியபோது டிரைவரின் மனைவி வழிமறித்தாள்.

"டாக்டர் கேட்ட மருந்தைத் திருப்பி எடுத்துட்டுப் போறியேம்மா. உன் வீட்டு ஆளுன்னா இப்படிச் செய்வியா?"

எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு மணி நேரம் நின்ற பிறகு வாய்க்கும் கால் வலிக்கும் போல.

"காலையிலயே ஏத்தியாச்சும்மா. இன்னிக்கு அது போதும்."

"போதும்னு சொல்ல நீ யாரு? அவரு இன்னும் கண்ணே தொறக்கல."

கட்டிலுக்கு மேலே திரையில் பச்சைக் கோடு ஒரே அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மாள் திட்டி முடிக்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.