வாசலில் பதினேழு ஜோடி

கணினி அறை வாசலில், ஒன்பது ஜோடிச் செருப்புகளுக்குப் பக்கத்தில், எட்டு ஜோடிப் பனிக்கால பூட்ஸுகள் முதன்முதலாகக் கிடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு. அந்த ஊரில் பனி கொட்டியதாக யாருக்கும் நினைவில்லை. பூட்ஸுகளைச் சுற்றி உருகிய பனி சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. எந்தப் பிள்ளையோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டது என்று நினைத்த காவலாளி, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, பூட்ஸுகளைச் சுவரோரமாக அடுக்கிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் கிடப்பதற்கெல்லாம் சொந்தக்காரரைத் தேடக் கிளம்பினால் வேறு வேலை ஓடாது என்பது அவருடைய பதினான்கு வருட அனுபவம்.

தப்பு கணினி டீச்சருடையது. அதைத் தப்பு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். அந்த ஆண்டு ஏழாம் வகுப்பை வேறொரு நாட்டுப் பள்ளியின் ஏழாம் வகுப்போடு இணையத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். இரண்டு வகுப்பும் தினமும் ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நட்டு, நிழலை அளந்து, இரண்டு பக்கமும் திறக்கக்கூடிய ஒரே அட்டவணையில் எழுத வேண்டும். பேச்செல்லாம் இரு தரப்புக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூன்றாம் மொழியில். இங்கே காலை பத்து என்றால் அங்கே பிற்பகல் மூன்று, கடைசிப் பாடவேளை. முதல் நாள் பெரிய திரை வெளிச்சமானதும், எட்டுப் பிள்ளைகளும், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு வாத்தியாரும் பூட்ஸ் காலோடு வந்து நின்றார்கள். பத்து வருடமாக அந்த அறைக்குள் ஒரு மண் துகளைக்கூட விடாத டீச்சர், பழக்க தோஷத்தில், "செருப்பெல்லாம் வாசல்ல கழட்டிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிக் கையாலும் காட்டிவிட்டார். அவருக்குச் 'செருப்பு டீச்சர்' என்று பெயர் வந்ததே இந்த ஒரு வாக்கியத்தால்தான். அந்தப் பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள். வெளியே போய், கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே வந்தார்கள். வாத்தியார் மட்டும் பூட்ஸோடேயே நின்றார். கழற்றியது அவர்கள் வாசலில், கிடந்தது இவர்கள் வாசலில்.

பாடம் முடிந்ததும் டீச்சர், "போயிட்டு வாங்க" என்றார். யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்ப அவருக்கு நாக்கு வராது. போகிறவர் திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் மனசு நிற்கும். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் பூட்ஸுகள் இல்லை. மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் வந்தன. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. காவலாளி ஒரு பழைய சாக்கை விரித்துப்போட்டார். அந்தப் பிள்ளைகள் "வந்துட்டோம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு நுழையக் கற்றுக்கொண்டார்கள். அதிலும் சின்னவள் ஒருத்தி 'வந்துத்தோம்' என்பாள். எட்டு ஜோடியில் மிகச் சின்ன ஜோடி அவளுடையது. அதன் நாடாக்கள் எப்போதும் அவிழ்ந்து மண்ணில் புரண்டுகொண்டிருக்கும். டீச்சருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இங்குள்ள பிள்ளைகள் நிழலளக்கப் போகிற நேரத்தில் வாசல் படியில் உட்கார்ந்து, அழுக்கைத் தட்டி, இரட்டை முடிச்சாகப் போட்டுவைப்பார். அவளுக்கு 'நாடாக்காரி' என்று பெயரும் வைத்தார். பேருந்து ஓட்டுநரான அவருடைய வீட்டுக்காரர், "சொந்தப் புள்ளைக்கு ஒரு நாள் நாடா கட்டியிருக்கியா நீ?" என்று கேட்டார். "அவன் எப்ப நாடா வெச்ச செருப்பு போட்டான்?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டதில் பேச்சு முடிந்தது.

ஜனவரியில் ஒரு நாள் பாடத்துக்கு நடுவே மின்சாரம் போனது. ஃபியூஸைப் பார்க்க ஓடிய டீச்சருக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தபோது முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. வாசலில் நின்று சொன்னார், பூட்ஸுகளும் போயின. ஆனால் பிள்ளைகள் அதற்குள் சாக்ஸ் காலோடு பனியில் நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். மறுநாள் திரையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். மூன்று பேருக்குக் காய்ச்சல். நாடாக்காரியும் அதில் உண்டு. உயரமான வாத்தியார் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் டீச்சருக்கு ஆறியிருக்கும். நாடாக்காரி திரும்பி வரும்வரை ஆறு நாள், ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடம் நடத்தினார்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. காகித ஆலை மூடிய பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததில் ஏழாம் வகுப்பு ஒன்பது பேராகச் சுருங்கியிருந்தது. பதினைந்துக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிட்டு, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் இருக்கும் பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். ஒன்பது பேரில் மூன்று பேருடைய அம்மாக்கள், லாரி பறக்கிற அந்தச் சாலையைத் தாண்டிப் பிள்ளையை அனுப்புவதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். டீச்சர் இரண்டு அம்மாக்களிடம் மன்றாடிப் பார்த்தார், மூன்றாமவர் கதவையே திறக்கவில்லை. வகுப்பு மூடினால் அந்த மூன்று பேருக்குப் படிப்பு அதோடு சரி. எண்ணிக்கை பார்க்க அதிகாரி புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாகக் கடிதத்தில் இருந்தது.

அந்த அதிகாரிக்கு எல்லாப் பள்ளியிலும் பெயர் 'எண்ணிக்கை சார்'. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்குக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்த பள்ளிகளை எல்லாம் பார்த்துப் பார்த்து, அவர் முகங்களை நம்புவதை விட்டுவிட்டிருந்தார். குடையும் கையுமாக வந்து, வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் எண்ணுவார். இந்தச் சேதி பக்கத்துப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியரின் காதுக்கு வந்தது புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் அவர். உள்ளே இருந்த பிள்ளைகளின் காதில் விழுவதைக் கவனிக்காமல் கணினி அறை வாசலில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாம விட்டுட முடியுமா? மூணு மணி வரைக்கும் பூட்ஸு இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

"அங்க பனி கொட்டுது சார்."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அன்றைய பாடத்தில் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிழலின் நீளத்தை இரண்டு முறை தப்பாகப் படித்தார். நடுவில் ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய், நாடாக்காரியின் பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டினார். அவர் வெளியே இருந்த நேரத்தில் ஒன்பது பேரும் ஒரே கணினியின் முன்னால் முட்டிமோதிக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. பத்தே முக்காலுக்குத் திரையில் எட்டுப் பேரும் எழுந்து நின்று, வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் பக்கம் திரும்பி ஒன்பது முகங்களையும் பார்த்தார். அந்த மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. பிறகு திரையைப் பார்த்து, "போயிட்டு வாங்க கண்ணுங்களா" என்றார். வராந்தாவில் நின்றிருந்த தலைமையாசிரியர், சாக்கு வெறுமையானதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மூன்று மணிக்கு எண்ணிக்கை சார் வந்தார். கையில் ஒரு குடை, கக்கத்தில் ஒரு கோப்பு. தன் ஷூவைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, குடை நுனியால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். அறைக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த டீச்சருக்குக் குடை தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்பதோடு அது நிற்கும் என்று காத்திருந்தார். பத்தும் கேட்டது, பதினொன்றும் கேட்டது. எழுந்து ஓடிப் பார்த்தபோது, வெறும் சாக்காக இருந்த இடத்தில் எட்டு ஜோடி பூட்ஸ் வரிசையாக நின்றது. வரிசையின் கடைசியில், தொட்டில் அளவுக்கு ஒரு பெரிய ஜோடியும் இருந்தது. சின்ன ஜோடியின் நாடாக்கள் புரளவில்லை. கோணல்மாணலாக, ஆனால் இரட்டை முடிச்சாக, அவளே போட்டிருந்தாள்.

அதிகாரி குனிந்து ஒரு பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "சூடு ஆறல. இப்பத்தான் கழட்டியிருக்காங்க" என்றார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்து, ஒன்பது தலைகளைக் கண்டு, "மத்தவங்க எங்கம்மா?" என்று கேட்டார். டீச்சருக்குப் பொய் சொல்ல வராது, அன்றைக்குச் சொல்லவும் தோன்றவில்லை. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். இப்போது அங்கே இரவு எட்டு மணி என்றும், எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் இருப்பார்கள் என்றும் சொன்னார். எண்ணிக்கை சார் சந்தைக்கு வந்தவர் விலை கேட்பதைப்போல நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா நான் செருப்பை எண்ணித்தான் எழுதறேன். பதினேழுன்னா பதினேழு" என்று கோப்பைத் திறந்தவர், பெரிய ஜோடியைக் குடையால் காட்டினார். "இது?"

"அவங்க வாத்தியாரோடது சார்."

"வாத்தியாருங்கள நான் சேக்கறதில்ல" என்று சொல்லி, பதினேழு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, முத்திரை வைத்தார்.

அவர் போன பிறகு டீச்சர் அட்டவணையைத் திறந்து பார்த்தார். அன்றைய நிழலின் நீளம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு கடிகாரத்தையும், ஒரு குடையையும், எட்டு பூட்ஸ் ஜோடிகளையும் வரைந்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில், அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஒரே வார்த்தையாக வந்திருந்தது. சாப்பாட்டை முடித்த எட்டுப் பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் தத்தம் வீட்டு வாசலில் சொல்லிவிட்டுப் பூட்ஸைக் கழற்றிய அதே வார்த்தை, தப்பும் தவறுமான எழுத்தில்: வந்துத்தோம். டீச்சர் வாசலுக்கு ஓடினார். விடிந்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். ஒன்பது ஜோடி பூட்ஸையும் பெயர் சொல்லித் தொட்டு, உயரமானவருடையதையும் விடாமல், "போயிட்டு வாங்க" என்றார்.

இணைய வகுப்புக்கான ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஜூனில் வந்து திரையைக் கழற்றி வேறு பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பூட்ஸுகள் வந்தன. அடுத்த ஆண்டு பூட்ஸ் பிள்ளைகளின் பள்ளியிலும் எண்ணிக்கை குறைந்து, எண்ணுவதற்கு ஆள் வந்தபோது, இங்கே ஒன்பது பிள்ளைகள் ஒரு பிற்பகல் முழுக்க வெறுங்காலோடு திரிந்தார்கள். காரணம் தெரிந்ததால் எந்த அம்மாவும் திட்டவில்லை. அந்த மூன்று பேரில் ஒருத்தி இப்போது நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி ஆவணம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். நாடாக்காரி வளர்ந்து போய்விட்டாள், அவள் இடத்துக்கு வேறு சின்னவர்கள் வந்தார்கள். எண்ணிக்கை சார் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவரும் செருப்பைத்தான் எண்ணுகிறார். சாக்கு இருந்த இடத்தில் காவலாளி இரண்டு அடுக்குப் பலகை அடித்துவிட்டார். பத்து மணிக்கு மணி அடித்ததும் டீச்சர் வாசலுக்குப் போய், எட்டு வரை எண்ணி, அவிழ்ந்து கிடப்பதைக் கட்டிவிட்டு, உள்ளே வந்து பாடத்தைத் தொடங்குகிறார்.